‘நானாக இருந்தால் விலகியிருப்பேன்’: ஒரு கடிதத்துக்கு உரை

2015 ஆகஸ்ட் 16, ஞாயிற்றுக்கிழமை. அமேசான் நிறுவனர் ஜெஃப் பெசோஸ் தன் ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் அனுப்பினார். அச்சடித்தால் ஒரு பக்கம் தேறாது. அன்றே வெளியே வந்து, உலகம் முழுக்கப் படிக்கப்பட்டது. வேலையை விட்டுப் போனவர்கள் வாய் திறக்கும்போது ஒரு நிறுவனத் தலைவர் என்ன சொல்வார், எதைச் சொல்லாமல் விடுவார் என்பதைத் தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான எழுத்து என் கண்ணில் பட்டதில்லை. அதனால் இதை வரி வரியாக எடுத்து உரை எழுதுகிறேன். மேற்கோள்களில் வருவது கடித வரிகளின் கருத்து, என் தமிழில்.

முதலில் பின்னணி. முந்தைய நாள் ஜோடி கான்டர், டேவிட் ஸ்ட்ரைட்ஃபெல்ட் என்ற இரண்டு செய்தியாளர்கள் நியூயார்க் டைம்ஸில் நீண்ட கட்டுரை ஒன்றை எழுதியிருந்தார்கள். கிடங்குத் தொழிலாளர்களைப் பற்றியது அல்ல. அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்ப்பவர்களைப் பற்றியது. இப்போது இருப்பவர்கள், விலகியவர்கள் என 100 பேருக்கு மேல் பேசியிருந்தார்கள். இரட்டைக் கரு கலைந்து, அறுவை சிகிச்சை முடிந்த மறுநாளே அலுவலக வேலையாக வெளியூர் போன ஒரு பெண் அதில் வருகிறார். வேலை நடந்துதானே ஆக வேண்டும் என்று மேலதிகாரி சொன்னதாக அவர் சொல்கிறார். தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை முடித்துத் திரும்பியவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டிருக்கிறார்கள். மார்பகப் புற்றுநோய் வந்தவரை ‘பெர்ஃபார்மன்ஸ் இம்ப்ரூவ்மென்ட் பிளான்’ பட்டியலில் சேர்த்திருக்கிறார்கள். நம் ஐ.டி. பிள்ளைகள் ‘பிப்’ என்று சொல்லி நடுங்குவார்களே, அதுதான். புத்தகப் பிரிவில் இரண்டு ஆண்டுக்கும் குறைவாக இருந்து விலகிய ஒருவர், தன்னுடன் வேலை பார்த்த ஏறக்குறைய எல்லோரும் தங்கள் மேசையிலேயே அழுததைப் பார்த்ததாகச் சொன்னார். இனி கடிதம்.

“இன்னும் படிக்காதவர்கள் இந்த (மிக நீண்ட) கட்டுரையைக் கவனமாகப் படியுங்கள்.”

நல்ல தொடக்கம். இப்படிப்பட்ட கட்டுரை வெளிவந்தால் அதை அலுவலகக் கணினியில் திறக்கவே விடாத முதலாளிகள் உண்டு. இவர் படிக்கச் சொல்கிறார், அதுவும் கவனமாக. ஆனால் அடைப்புக்குள் ‘மிக நீண்ட’ என்று ஒரு குறிப்பு இருக்கிறது. படிக்கப்போகிறவரின் தோளில் லேசாகக் கை வைத்து, இது கொஞ்சம் அதிகப்படிதான் என்று சொல்லிவிடும் குறிப்பு அது. நூறு பேர் பேசியது நீளமாகத்தான் இருக்கும். இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். கட்டுரைக்காகப் பெசோஸையும் அவருக்கு நெருங்கிய மூத்த தலைவர்களையும் சந்திக்கச் செய்தியாளர்கள் அனுமதி கேட்டார்கள். நிறுவனம் மறுத்துவிட்டது. வெளிவருவதற்கு முன் பேச மறுத்தவர், வெளிவந்த மறுநாள் எழுதுகிறார்.

“முற்றிலும் வேறு விதமாகச் சொல்லும் இன்னொன்றையும் படியுங்கள். எழுதியவர் இப்போது அமேசானில் இருப்பவர்.”

பதினெட்டு மாத அனுபவம் உள்ள ஒரு பொறியாளர் நிறுவனத்துக்காகப் பரிந்து எழுதிய மறுப்பு அது. மனதில் பட்டதைத்தான் எழுதியிருப்பார், சந்தேகமில்லை. தன் குழுவில் தான் கண்டதை அவர் சொன்னார், விலகியவர்கள் தங்கள் குழுவில் தாங்கள் கண்டதைச் சொன்னார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும். உள்ளே இருப்பவரின் சாட்சியை முன்னால் வைத்த கடிதம், வெளியே போனவரை ஒருமுறையாவது பெயரில்லாமலேனும் குறிப்பிட்டிருக்கிறதா என்று தேடினேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை இல்லை. முன்னாள் ஊழியர் என்று ஒரு பிரிவினர் இருப்பதாகவே இந்தக் கடிதம் காட்டிக்கொள்ளவில்லை.

“குடும்பத் துயரத்திலும் கடும் நோயிலும் இருந்தவர்களை இரக்கமில்லாமல் நடத்தியதாக, அதிர்ச்சி தரும் சம்பவங்களைக் கட்டுரை சொல்கிறது. இது நான் அறிந்த அமேசான் அல்ல. நான் தினமும் சேர்ந்து வேலை பார்க்கும் அக்கறையுள்ள மனிதர்களும் இவர்கள் அல்லர்.”

கடிதத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பெசோஸ் இங்கே பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. அவர் அறிந்த அமேசான் உண்மையிலேயே அப்படி இல்லாமல் இருந்திருக்கலாம். 2015 முடிவில் அமேசானில் சுமார் 2.3 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். நிறுவனர் தினமும் பார்ப்பவர்கள் அவரைச் சுற்றியிருக்கும் மூத்தவர்கள். அந்த நிறுவனத்தின் போட்டியில் ஜெயித்து மேலே வந்தவர்கள். தோற்றவரை அவர் பார்க்கும் வாய்ப்பே இல்லை. அதற்குள் தோற்றவர் வெளியே போயிருப்பார்.

தோற்பது எப்படி நடந்தது என்பதையும் கட்டுரை காட்டியிருந்தது. ஆண்டு மதிப்பீட்டுக்கு மேனேஜர்கள் ஓர் அறையில் கூடுவார்கள். சுவரில் கட்டம் கட்டமாக ஓர் அட்டவணை ஒளிரும். ஒவ்வொரு கட்டத்திலும் ஊழியர்களின் பெயர்கள். யார் மேலே, யார் கீழே என்று வாதாடிப் பெயர்களை ஒரு கட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துவார்கள். தன் ஆட்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அடுத்தவர் ஆட்களின் குறையை மேனேஜர் தெரிந்துவைத்திருக்க வேண்டும். அதற்குத் தீனி போட ‘எனிடைம் ஃபீட்பேக் டூல்’ என்றொரு ஏற்பாடு இருந்தது. யாரைப் பற்றியும் யாரும் அவரவர் மேனேஜருக்குப் பாராட்டோ புகாரோ அனுப்பலாம். அனுப்பியது யார் என்பது மேனேஜருக்குத் தெரியும், பேசப்பட்டவருக்குத் தெரியாது. சிலர் தங்களுக்குள் பேசிவைத்துக்கொண்டு ஒரே ஆளைக் குறிவைத்துப் புகார் அனுப்பியதாகவும் செய்தியாளர்களிடம் சொன்னார்கள். கீமோ சிகிச்சை முடிந்து திரும்பிவந்த ஒருவரின் பெயர் அந்தச் சுவரில் எந்தக் கட்டத்தில் போய் நிற்கும் என்பதை யோசித்துப் பாருங்கள். அங்கே இருக்கும் எவரும் கல்நெஞ்சராக இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொருவரும் தன் ஆளைக் காப்பாற்றினால் போதும்.

ஆகவே, அக்கறையுள்ள மனிதர்கள் என்ற பதில் இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதிலாகாது. விலகியவர்கள் ஏற்பாட்டின் மேல் கை நீட்டினார்கள். பெசோஸ் மனிதர்களின் குணத்துக்குச் சான்றிதழ் கொடுத்தார். இத்தனைக்கும் அந்த ஏற்பாட்டின் வேர் அவர் கையால் நட்டது. 1997-ஆம் ஆண்டுக்காகப் பங்குதாரர்களுக்கு எழுதிய முதல் கடிதத்திலேயே, இங்கே வேலை பார்ப்பது சுலபமல்ல என்பதைத்தான் நேர்முகத்தேர்வுக்கு வருபவர்களிடம் சொல்வதாக அவர் எழுதியிருக்கிறார். கடினமாக இருக்க வேண்டும் என்றே கட்டிய இடம் அது. அந்தக் கடினம் யாரை எங்கே அடித்தது என்பதைத்தான் போனவர்கள் சொன்னார்கள்.

“இப்படிப்பட்ட சம்பவங்கள் உங்களுக்குத் தெரிந்தால் எச்.ஆருக்குக் கொண்டு போங்கள். எனக்கே நேரடியாகவும் எழுதலாம்.”

பிப் கடிதத்தில் எச்.ஆருக்கும் பங்கு உண்டு என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த யாருக்கும் தெரியும். எந்த வாசலில் அடி விழுந்ததோ அதே வாசலில் போய்ப் புகார் சொல் என்றால் எத்தனை பேர் போவார்கள்?

தனக்கே எழுதலாம் என்றது வெறும் மரியாதைப் பேச்சு அல்ல. பெசோஸின் மின்னஞ்சல் முகவரி ஊரறிந்தது. வாடிக்கையாளர் யாராவது அதற்குப் புகார் எழுதினால், மேலே ஒரே ஒரு கேள்விக்குறியைப் போட்டு உரிய ஆளுக்குத் தள்ளிவிடுவார். அந்தக் கேள்விக்குறி வந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு அந்தக் குழு முழுவதும் காரணம் தேடி ஓடும். இது அமேசானில் எல்லோருக்கும் தெரிந்த கதை. வாடிக்கையாளர் ஒருவரின் புகார், பத்தாயிரத்தில் ஒன்றாக இருந்தாலும், பின்னால் ஏதோ ஓர் ஏற்பாடு கெட்டிருக்கிறது என்பதற்கு அறிகுறி என்று நம்பி எழுப்பிய நிறுவனம் அது. அந்த நம்பிக்கையை நான் மதிக்கிறேன். இத்தனை ஊழியர்களின் புகாருக்கு ஏன் அதே கேள்விக்குறி போடப்படவில்லை என்பதே என் வருத்தம். வாடிக்கையாளரிடம், நான் அறிந்த அமேசான் இது அல்ல என்று அவர் ஒருநாளும் சொல்லியிருக்க மாட்டார்.

விலகியவருக்கு இந்தக் கடிதத்தில் எந்த வாசலும் இல்லை. அவர்களுக்கு அது அனுப்பப்படவே இல்லை. சேரும்போதே நீண்ட ரகசியக் காப்பு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்கள் அவர்கள். எக்ஸிட் இன்டர்வியூவில் உண்மையைச் சொன்னால் ரிலீவிங் லெட்டருக்கு ஆபத்து வருமோ என்ற பயம் நம் ஊரிலும் உண்டு. போகும்போது சிரித்துக் கை குலுக்கிவிட்டு, போன பிறகு பேசுபவரைக் கோழை என்று சொல்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

“அரிதாக, எங்கோ ஓரிடத்தில் நடந்தாலும், அப்படிப்பட்ட இரக்கமின்மையை நாம் சிறிதும் பொறுத்துக்கொள்ளக் கூடாது.”

கடிதத்தின் மிகச் சிறந்த வரி. எண்ணிக்கையை வைத்துத் தப்பிக்கப் பார்க்காத வரி. ஒன்றே ஒன்று நடந்திருந்தாலும் தப்பு தப்புதான் என்று ஒப்புக்கொள்கிறது. கடிதம் இந்த இடத்தில் நின்று, கட்டுரையில் வரும் அந்த மூன்று பெண்களுக்கும் என்ன நடந்தது என்று இன்ன தேதிக்குள் விசாரித்து உங்களிடம் சொல்கிறேன் என்று ஒரே ஒரு வாக்குறுதியைச் சேர்த்திருந்தால், நான் இதை ஒரு முன்மாதிரியாக எடுத்து எழுதியிருப்பேன். நிற்கவில்லை.

“கட்டுரை இன்னும் மேலே போகிறது. ஆன்மா இல்லாத, மகிழ்ச்சியும் சிரிப்பொலியும் இல்லாத ஓர் இருண்ட பணியிடத்தை உருவாக்குவதே நம் நோக்கம் என்கிறது. அந்த அமேசானை எனக்கு அடையாளம் தெரியவில்லை.”

கட்டுரை இப்படிச் சொல்லவில்லை. அமேசான் தங்களைத் தங்கள் எல்லைக்கு மேல் வளர்த்துவிட்டது என்று மனம் நிறைந்து பேசியவர்களும் அதில் இருந்தார்கள். சொன்ன குற்றத்தைச் சொல்லாத பெரிய குற்றமாக ஊதிவிட்டால் மறுப்பது எளிது. சிரிப்பொலி கேட்கிறது என்று காட்டினால் போதுமே. புற்றுநோய் வந்தவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டது சரியா என்ற கேள்வி அப்படியே கிடக்கும்.

“அப்படிப்பட்ட வழியில் போகும் எந்தக் கம்பெனியும் இன்றைய ஆள் சேர்ப்புப் போட்டியில் தாக்குப்பிடிக்காது, செழிப்பது இருக்கட்டும்.”

அதற்கு முந்தைய மாதம்தான் சந்தை மதிப்பில் அமேசான் வால்மார்ட்டைத் தாண்டியிருந்தது. செழிக்கிறோம், ஆகவே கொடுமை இல்லை என்பது வாதம். வரலாறு இதை ஒப்புக்கொள்ளாது. ஆட்களைக் கசக்கிப் பிழிந்த ஆலைகளும் தோட்டங்களும் தலைமுறை தலைமுறையாக லாபம் பார்த்தன. போகும் ஆளுக்குப் பதில் ஆள் வந்துகொண்டிருக்கும்வரை நிறுவனம் ஓடும். ஐந்து ஆண்டுக்கு மேல் இருப்பவர்கள் 15 சதவீதம்தான் என்ற கணக்கும் அந்தக் கட்டுரையில் இருந்தது. வேகமாக வளரும் கம்பெனியில் புதியவர்களே அதிகம் இருப்பார்கள் என்பது நியாயமான பதில்தான். ஆனால் அந்தப் பதிலைக்கூடக் கடிதம் சொல்லவில்லை.

லாபத்தோடு கொடுமையும் இருக்க முடியும் என்பதற்குக் கிடங்குகளின் கதை சாட்சி. அதைப் பெசோஸே அறிவார். 2011-ல் பென்சில்வேனியாவின் ஆலன்டவுன் நகரச் செய்தித்தாள், அருகிலிருந்த அமேசான் கிடங்கில் கோடை வெப்பம் தாங்காமல் தொழிலாளர்கள் சுருண்டு விழுந்ததையும், வாசலில் ஆம்புலன்ஸ் காத்து நின்றதையும் எழுதியது. அங்கே வேலை பார்த்து விலகியவர்களும் அதில் பேசினார்கள். அடுத்த ஆண்டு, கிடங்குகளுக்குக் குளிர்சாதன வசதி செய்ய 5.2 கோடி டாலர் செலவிடுவதாக அமேசான் அறிவித்தது. வெயில் அந்த ஆண்டுதான் புதிதாக வந்ததா?

“நீங்கள் சிறந்தவர்களில் சிறந்தவர்கள். மற்ற பெரிய நிறுவனங்கள் தினமும் உங்களை அழைக்கின்றன. எங்கே வேண்டுமானாலும் நீங்கள் வேலை பார்க்கலாம்.”

கேட்க இனிமையாக இருக்கிறது. பாராட்டாகச் சொன்னாலும் இது ஒரு வாதம். பிடிக்காவிட்டால் போயிருப்பீர்கள், போகவில்லை, ஆகவே பிடித்திருக்கிறது. இந்த வாதத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும்.

அப்போது போவதற்கு என்ன விலை? ஓராண்டுக்குள் போனால் சேரும்போது வாங்கிய போனஸில் ஒரு பகுதியைத் திருப்பித் தர வேண்டியிருந்தது. இரண்டாண்டுக்குள் போனால், குடிபெயரக் கொடுத்த பணத்திலும் ஒரு பகுதியைத் தர வேண்டியிருந்தது. சம்பளத்தில் ஒரு பகுதி பங்குகளாக வந்தது. அந்தப் பங்குகளில் முதல் ஆண்டு முடிவில் 5 சதவீதம் கைக்கு வரும், இரண்டாம் ஆண்டு 15 சதவீதம். மீதி 80 சதவீதம் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில்தான். வாக்குறுதியின் பெரும்பகுதி எப்போதும் கொஞ்சம் தள்ளியே இருக்கும். கடைசி இரண்டு ஆண்டு பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடு என்று வீட்டில் சொல்வார்கள்.

அமெரிக்காவில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு சேர்ந்து வருகிறது. புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரிடம், எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று சொல்வது எப்படிப்பட்ட ஆறுதல்?

அப்புறம் விசா. அமேசான் அலுவலகங்கள் இருக்கும் சியாட்டில், பெல்வியூ பக்கம் ஹெச்-1பி வேலை விசாவில் இருக்கும் நம்மவர்கள் ஏராளம். அவர்கள் அந்த நாட்டில் இருப்பதே அந்த வேலையால்தான். வேலை போனால் அடுத்ததைத் தேட 60 நாள் அவகாசம் என்ற விதி 2017 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இந்தக் கடிதம் எழுதப்பட்ட நாளில் அந்த அவகாசம்கூட இல்லை. வீட்டுக் கடன், பள்ளிக்கூடம் போகும் பிள்ளை, கிரீன் கார்டுக்குப் பல ஆண்டு வரிசை. இத்தனையையும் தாண்டி ஒருவர் பேப்பர் போடுகிறார் என்றால், உள்ளே அவரை எது அழுத்தியிருக்கும் என்று கேட்பதுதான் தலைவரின் வேலை.

“கட்டுரை சொல்வதைப்போல உண்மையிலேயே இருக்கும் ஒரு கம்பெனியில் யாராவது தொடர்ந்து இருந்தால் அது பைத்தியக்காரத்தனம். நானாக இருந்தால் விலகியிருப்பேன்.”

உரையின் மொத்தப் பாரமும் இந்த வரியின் மேல்தான். பெசோஸ் இதைத் தன் வலுவான முடிவுரையாக நினைத்து எழுதியிருக்கிறார். எனக்கோ, எதிர்த்தரப்பின் வழக்கை ஒரே வரியில் முடித்துக்கொடுத்ததாகத் தெரிகிறது. அந்தக் கட்டுரையில் பேசியவர்களில் பலர் அதைத்தானே செய்தார்கள்? அவர் கண்ணோட்டப்படி புத்தி உள்ளவர் என்ன செய்வாரோ, அதைச் செய்துவிட்டு வெளியே நின்று, ஏன் செய்தோம் என்று சொன்னார்கள். நானாக இருந்தாலும் விலகியிருப்பேன் என்பவர், விலகியவரிடம் அடுத்ததாகக் கேட்க வேண்டியது, ஏன் விலகினாய் என்பது. பெசோஸ் அந்தக் கேள்வியை, போகாமல் இருப்பவர்களிடம் கேட்டார்.

ஐந்து ஆண்டு கழித்து அமேசானின் துணைத் தலைவர்களில் ஒருவரே இந்த வரிக்கு உதாரணமாக நின்றார். கிடங்குப் பாதுகாப்பைப் பற்றிக் கொரோனா காலத்தில் குரல் எழுப்பிய ஊழியர்கள் வேலைநீக்கம் செய்யப்பட்டதைத் தாங்க முடியாமல், டிம் பிரே 2020 மே மாதம் பதவியை விட்டார். அதனால் பத்து லட்சம் டாலருக்கு மேல் தனக்கு இழப்பு என்று மதிப்பிட்டார். அவரால் அந்த இழப்பைத் தாங்க முடிந்தது. எல்லோராலும் முடியாது.

“அந்தக் கம்பெனியை உங்களுக்கும் அடையாளம் தெரியாது என்று நம்புகிறேன். திறமையான கூட்டாளிகளோடு சிரித்தபடி எதிர்காலத்தை உருவாக்கிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். நன்றி.”

நம்பிக்கையோடு முடிகிறது. அடையாளம் தெரிந்தவர்கள் இதைப் படித்துவிட்டு என்ன செய்வார்கள்? அவர்கள் இதற்கு முந்தைய வரியை நினைத்துக்கொள்வார்கள்.

கடிதம் முடிந்தாலும் பதில் முடியவில்லை. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 19 அன்று, அமேசானின் மூத்த துணைத் தலைவர் ஜே கார்னி வெளிப்படையாக ஒரு மறுப்பு எழுதினார். ஒபாமாவின் செய்திச் செயலாளராக இருந்தவர் அவர். மேசையில் அழுதார்கள் என்று சொன்ன அந்த முன்னாள் ஊழியர், விற்பனையாளர்களை ஏமாற்ற முயன்றதாக விசாரணையில் தெரிந்து, ஒப்புக்கொண்டு விலகியவர் என்று அதில் பெயரோடு சொன்னார். அப்படிக் குற்றம் சாட்டப்பட்டதும் இல்லை, ஒப்புக்கொண்டதும் இல்லை என்று அந்த ஊழியர் மறுத்ததை நியூயார்க் டைம்ஸ் ஆசிரியர் டீன் பாக்கே அன்றே பதிலில் எழுதினார். யார் சொன்னது உண்மை என்ற வழக்குக்குள் நான் போகவில்லை. ஊழியர்களின் கோப்பு நிறுவனத்தின் பீரோவில் இருக்கிறது, நிறுவனத்தின் கோப்பு எந்த ஊழியரிடமும் இல்லை. அந்தப் பீரோவைத் திறந்து ஒருவரின் மேல் வீசினால், அவருக்கு மட்டும் வலிக்காது. பேசலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒவ்வொருவரும் வாயை மூடிக்கொள்வார்கள். ஆகஸ்டில், எனக்கே எழுதுங்கள் என்று திறந்த கதவை அக்டோபர் அடைத்தது.

மாற்றங்கள் வந்தன, மறைக்கக் கூடாது. 2015 நவம்பரில் பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கு 20 வாரம் வரை விடுப்பு அறிவிக்கப்பட்டது. கட்டுரைக்கு முன்பே தொடங்கிய ஆய்வின் முடிவு அது என்றது நிறுவனம். அடுத்த ஆண்டு மதிப்பீட்டு முறையையும் எளிமைப்படுத்துவதாகச் சொன்னார்கள். கட்டுரை சரியாகச் சுட்டிய இடங்களில்தான் கை வைக்கப்பட்டது.

2021 ஏப்ரலில், தலைமைச் செயல் அதிகாரியாகப் பங்குதாரர்களுக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் பெசோஸ் இதே விஷயத்துக்கு மறுபடி வந்தார். ஊழியர்களை இயந்திரங்களாக நடத்துகிறோம் என்பது சரியல்ல என்று அப்போதும் மறுத்தார். ஆனால் இந்த முறை மறுப்போடு நிற்கவில்லை. ஊழியர்களுக்கு நாம் செய்ய வேண்டியதைப் பற்றி இன்னும் மேலான பார்வை நமக்கு வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார். உலகிலேயே சிறந்த முதலாளி என்ற பெயரை எடுக்க வேண்டும் என்றார். அந்த ஜூலை 1 அன்று அது நிறுவனத்தின் தலைமைக் கொள்கைகளில் ஒன்றாகச் சேர்க்கப்பட்டது. ஜூலை 5 அன்று அவர் பதவியிலிருந்து விலகினார். ‘இன்னும் மேலான பார்வை வேண்டும்’ என்ற அந்த ஒரு வரியை எழுதத் தேவையான சாட்சி முழுவதும் 2015 ஆகஸ்ட் 16 அன்றே அவர் கையில் இருந்தது. அன்றே எழுதியிருக்க வேண்டும்.